நட்ஸ் போட்ட ஒயிட் சாக்லேட்: எட்டு வகை, ஏழு நாக்கு, மார்க் உள்ளே

கல்மண்டபத்தான் | ஞாயிறு இரவு 9.40

புரட்டாசி ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் யாருக்கும் கை கால் ஓடாது. மற்ற மாதங்களில் விடியும்போதே கூடையோடு காசிமேடு போய்விடுவோம். வஞ்சிரமா சங்கராவா என்று பேரம் பேசி, வீட்டுக்கு வந்து கழுவி, குழம்பு கொதித்து, சாப்பிட்டுப் படுத்தால் பொழுது போயிருக்கும். இந்த மாதம் அதற்கு வழியில்லை. அதனால்தான் இந்தப் பைத்தியக்கார யோசனை: நட்ஸ் போட்ட ஒயிட் சாக்லேட் வகைகளை வாங்கி வைத்து வரிசையாகச் சாப்பிட்டு மார்க் போடுவது.

நான், வீட்டுக்காரம்மா, மச்சினன், அவனுடைய இரண்டு பெண்கள், இங்கே எழுதுகிற நம்ம வியாசை பந்தாட்டம், டோல்கேட் அக்கா. மொத்தம் ஏழு பேர். பர்மா பஜாரில் கொஞ்சம், எம்.சி. ரோடு பக்கத்துச் சந்தில் ஒரு பேக்கரியில் கொஞ்சம், சவுகார்பேட்டையில் ஒன்று. மீதி இரண்டு அக்கா வீட்டிலேயே செய்து டப்பாவில் கொண்டு வந்தது.

மொட்டைமாடியில் ஆரம்பித்தோம். பத்து நிமிடத்தில் எல்லாம் தொய்ந்துவிட்டது. தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு கீழே ஃபேனுக்கு அடியில் வந்து உட்கார்ந்தோம். நடுவில் வாய் கழுவ வெந்நீரும் ஆளுக்கொரு கைப்பிடி அரிசிப் பொரியும். இனிப்புக்கு நடுவே நாக்கைத் துடைக்கப் பொரியை மிஞ்சியது இல்லை.

பத்துக்கு மார்க், ஏழு பேரின் சராசரி.

அக்காவின் வேர்க்கடலை ஸ்லாப், மேலே கல் உப்பைப் பொடித்துத் தூவியது: 8.5. கடிக்கும்போது முதலில் உப்பு, பிறகு பால், கடைசியில் வறுத்த கடலை வாசனை. யாரும் ஒரு துண்டோடு நிறுத்தவில்லை.

ரஃபேல்லோ: 8. மேலே தேங்காய்த் துருவல், உள்ளே மெல்லிய வேஃபர் கூடு, க்ரீம், நடுவில் தோல் நீக்கிய ஒரு முழு பாதாம். தேங்காய் பர்ஃபி சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு இது சொந்தக்காரன் மாதிரி.

கிண்டர் பியூனோ ஒயிட்: 7.5. ஹேசல்நட் அரைத்த க்ரீம், மொறுமொறு கூடு. சின்னப் பெண்கள் இரண்டும் பத்துக்குப் பத்து போட்டதால் ஏறியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சவுகார்பேட்டை பாதாம் பர்ஃபி, மேலே ஒயிட் சாக்லேட் ஊற்றியது: 7. பர்ஃபிக்கு 9, சாக்லேட்டுக்கு 5.

டோப்ளரோன் ஒயிட்: 6.5. தேனும் பாதாமும் சேர்ந்த நூகாட் துணுக்குகள் பல்லில் ஒட்டும். எனக்கு அது பிடித்தது, மச்சினனுக்குப் பிடிக்கவில்லை. அவனுக்குக் கடைவாயில் அடைத்த பல்.

அக்காவின் பிஸ்தா, காய்ந்த ரோஜா இதழ் போட்டது: 6. பார்க்க அழகு. வாயில் ரோஜா இதழ் காகிதம் மாதிரி நிற்கிறது. (அக்கா மன்னிக்கவும்.)

பேக்கரி முந்திரி கொத்து: 4. வாய் முழுக்க மெழுகு பூசினது போல இருந்தது.

மக்கடாமியா பருப்பு போட்ட ஒரு வெளிநாட்டு பார், பெயர் வேண்டாம்: 3. இருந்ததிலேயே விலை அதிகமானது இதுதான். காறல் வாடை. பழைய தேங்காய் எண்ணெயில் தோய்த்த மாதிரி.

ஆக, மக்கடாமியா என்பது வெறும் பெயருக்குத்தான், நம்ம வேர்க்கடலையே ராஜா. சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.


லேபிள் படிப்பவன் | ஞாயிறு இரவு 10.15

வந்துவிட்டேன். உங்கள் இரண்டாம் இடத்துக்காரர் போட்டியிலேயே நிற்க முடியாதவர். ரஃபேல்லோவில் சாக்லேட்டே கிடையாது, வெள்ளையும் இல்லை கறுப்பும் இல்லை. பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். தேங்காய், தாவரக் கொழுப்பு, சர்க்கரை, பாதாம், பால் பவுடர் என்று போகும், கொக்கோ வெண்ணெய் என்ற வார்த்தை எங்கும் வராது. அவர்களும் அதை ஒயிட் சாக்லேட் என்று சொல்லி விற்கவில்லை. நாம்தான் வெள்ளையாக இருந்ததால் அப்படி நினைத்துக்கொண்டோம்.

ஒயிட் சாக்லேட் என்ற பெயருக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கணக்கு இருக்கிறது. கொக்கோ வெண்ணெய் குறைந்தது 20 சதவீதம், பாலின் திடப்பொருள் குறைந்தது 14 சதவீதம். அமெரிக்காவில் சர்க்கரை 55 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் இருக்கிறது, அங்கே அந்த விதி 2004இல்தான் அமலுக்கு வந்தது. கொக்கோ கொட்டையை அரைத்துப் பிழிந்தால் ஒரு பக்கம் கொழுப்பு, ஒரு பக்கம் பழுப்புத் தூள். அந்தத் தூளை விட்டுவிட்டுக் கொழுப்பை மட்டும் எடுத்துப் பாலும் சர்க்கரையும் சேர்த்தால் ஒயிட் சாக்லேட். கசப்பு முழுக்கத் தூளோடு போய்விடுகிறது.

உங்கள் பேக்கரி முந்திரி கொத்து மெழுகாக இருந்ததற்குக் காரணமும் இதுதான். அது காம்பவுண்டாக இருக்கும். கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் பனை வகைக் கொழுப்பு. கொக்கோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகும், அதாவது நம் வாயின் சூட்டுக்குக் கொஞ்சம் கீழே. அதனால்தான் நாக்கில் வைத்ததும் தண்ணீராக ஓடுகிறது. காம்பவுண்டுக் கொழுப்பில் சில வகை அதைவிடச் சூடு கேட்கும், மேலண்ணத்திலேயே ஒட்டிக்கொள்ளும். இன்னொரு அடையாளம், நல்ல ஒயிட் சாக்லேட் பழைய தந்தம் போலக் கொஞ்சம் மஞ்சளாக இருக்கும். சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தால் உறையைத் திருப்பிப் பார்ப்பது நல்லது.


வியாசை பந்தாட்டம் | ஞாயிறு இரவு 10.31

தலைவா, நான் ரஃபேல்லோவுக்கு 9 போட்டேன். சாக்லேட் இல்லை என்பதற்காக மார்க்கைத் திருப்பித் தர முடியாது. ருசி ருசிதான்.

மிச்சம் இருக்கிற அந்தக் காறல் மக்கடாமியாவைத் தெருமுனை மணிக்குப் போடலாமா? அவன் எதையும் தின்பான்.


டோல்கேட் அக்கா | ஞாயிறு இரவு 10.38

போடாதே தம்பி! மக்கடாமியா நாய்க்கு ஆகாது. பின்னங்கால் தளர்ந்து நிற்க முடியாமல் போகும், வாந்தி எடுக்கும், உடம்பு நடுங்கும். குப்பையில் போடும்போதும் நன்றாகக் கட்டிப் போடு.


பெரம்பூர் பென்ஷன் | திங்கள் காலை 6.05

காலையில் நடந்துவிட்டு வந்து படித்தேன். 34 வருஷம் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் கேட்கிறேன், இதற்கும் பால்கோவாவுக்கும் என்ன வித்தியாசம்? பால், சர்க்கரை, கொழுப்பு. அதில் நாலு முந்திரியைப் போட்டால் எங்கள் காலத்தில் அதற்குப் பெயர் ஸ்வீட். ஒரு வெளிநாட்டு பார் வாங்குகிற காசுக்கு ஒரு கிலோ வேர்க்கடலை வாங்கி வெல்லப்பாகு காய்ச்சிக் கடலை மிட்டாய் போட்டுத் தெருவுக்கே கொடுக்கலாம். கல்மண்டபத்தார் கடைசியில் போய்ச் சேர்ந்ததும் வேர்க்கடலையில்தானே.

கமர்கட்டுக்கு எத்தனை மார்க் என்று கேட்டால் நான் வருகிறேன்.


எண்ணெய்ச்சட்டி | திங்கள் மதியம் 2.20

பென்ஷன் ஐயா, வித்தியாசம் இருக்கிறது. பால்கோவாவில் பாலைச் சுண்டக் காய்ச்சுவதால் அடிப்பிடித்த ஒரு வாசனை வரும். அதுதான் சர்க்கரையைத் தாங்கிப் பிடிக்கிறது. ஒயிட் சாக்லேட்டில் அந்தப் பிடிமானம் கிடையாது. கசப்பும் இல்லை, புளிப்பும் இல்லை, பச்சைப் பிள்ளை மாதிரி வெறும் இனிப்பு. அப்போது மொத்தப் பாரமும் நட்ஸ் தலையில் விழுகிறது. கறுப்பு சாக்லேட்டில் சுமாரான பாதாமைப் போட்டாலும் மறைந்துவிடும். வெள்ளையில் ஒளிய இடமில்லை. நட்ஸ் சரியாக வறுபட்டிருந்தால் தெரியும், பச்சையாக இருந்தால் அதைவிட நன்றாகத் தெரியும், காறிப்போயிருந்தால் ஊருக்கே தெரியும்.

நான் கொத்தவால்சாவடிப் பக்கம் வறுத்த பருப்பு வியாபாரம். காய்கறி மார்க்கெட் 1996இல் கோயம்பேட்டுக்குப் போன பிறகும் எங்களைப் போல மளிகை, உலர்பழம் என்று இங்கேயே ஒட்டிக்கொண்டவர்கள் உண்டு. தொழில் செய்து தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முந்திரி: எல்லோரும் டபிள்யூ 180 போன்ற பெரிய பருப்பைத் தேடுகிறார்கள். அந்த எண் ஒரு பவுண்டுக்கு எத்தனை பருப்பு நிற்கும் என்பதுதான், ருசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சாக்லேட்டுக்கு டபிள்யூ 320 போதும், துண்டு முந்திரி இன்னும் நல்லது. உடைந்த பக்கமெல்லாம் வறுபடும். பலகாரக் கடைகளில் முந்திரி வெள்ளையாக இருக்க வேண்டும் என்று பச்சையாகவே போடுகிறார்கள். பச்சை முந்திரியும் ஒயிட் சாக்லேட்டும் சேர்ந்தால் மாவைத் தின்ற மாதிரிதான்.

வேர்க்கடலை: தள்ளுவண்டிக்காரர் இரும்புச் சட்டியில் மணலைச் சூடேற்றி வறுக்கிறாரே, அந்த வாசனை ஓவனில் வராது. மணல் ஒவ்வொரு கடலையையும் எல்லாப் பக்கமும் அணைத்துச் சுடும். அக்கா எங்கே வறுத்தார் என்று தெரியவில்லை, ஆனால் 8.5 வாங்கியதென்றால் மணல் வறுவலாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

பிஸ்தா: அதிகம் வறுத்தால் பச்சை நிறம் போய்விடும், வறுக்காவிட்டால் ருசி வராது. அழகா ருசியா என்று நீங்களே முடிவு செய்ய வேண்டும். அக்கா அழகு பக்கம் சாய்ந்திருக்கிறார்.

மக்கடாமியா: இங்கேதான் எனக்குக் கல்மண்டபத்தாரோடு சண்டை. நூறு கிராமில் 75 கிராமுக்கு மேல் கொழுப்பு உள்ள பருப்பு அது. முந்திரியில் 44 கிராம் போல, வேர்க்கடலையில் ஐம்பதை ஒட்டி. அவ்வளவு எண்ணெய் இருந்தால் வைத்த இடமும் வைத்த காலமும் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். நீங்கள் தின்றது மக்கடாமியா இல்லை, மக்கடாமியாவின் பிணம். அதை வைத்துப் பருப்பு மேல் தீர்ப்பு எழுதக் கூடாது. நாறிப்போன வஞ்சிரத்தைத் தின்றுவிட்டு வஞ்சிரமே மட்டம் என்பீர்களா?


கல்மண்டபத்தான் | திங்கள் மதியம் 3.02

வஞ்சிரத்தை இழுத்துவிட்டீர்கள், இனி நான் என்ன பேசுவது. சரி, ஒப்புக்கொள்கிறேன். பாரின் தேதி முடிய இன்னும் நாலு மாதம் இருந்தது, அதனால் சந்தேகம் வரவில்லை.


மண்ணடி மச்சான் | திங்கள் மாலை 5.45

தேதி ஒன்றும் செய்யாது பாய். கண்டெய்னரில் வந்து, குடோனில் கிடந்து, கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ட்யூப்லைட்டுக்கு நேரே ஆறு மாதம் உட்கார்ந்தால் என்ன ஆகும்? கறுப்பு சாக்லேட்டில் கொக்கோத் தூளே அதைக் கொஞ்சம் காக்கும். வெள்ளைக்கு அந்தக் காவல் இல்லை, வெளிச்சம் பட்டாலே பால் கொழுப்பு கெட ஆரம்பிக்கும். வாங்கும்போது முன் வரிசையில் இருப்பதை எடுக்காதீர்கள், அட்டைப்பெட்டிக்குள் இருப்பதைக் கேளுங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

என் மச்சான் துபாயிலிருந்து வரும்போதெல்லாம் பிஸ்தா கொண்டு வருவார். 2024இல் அந்தக் குனாஃபா (சேமியா மாதிரி மெல்லிய இழை) பிஸ்தா சாக்லேட் பைத்தியம் பிடித்தபோது மண்ணடியில் பாதிப் பேர் வீட்டில் ஒயிட் சாக்லேட்டை உருக்கி அதையே செய்து பார்த்தார்கள். சேமியா வறுத்துப் போட்டவர்களும் உண்டு. எங்கள் வீட்டில் அது கட்டியாகித் திரிந்து அல்வா மாதிரி ஆகிவிட்டது. ஏன் என்று இன்று வரை தெரியவில்லை.


டோல்கேட் அக்கா | திங்கள் இரவு 9.10

தண்ணீர் பட்டிருக்கும் தம்பி. உருகிய சாக்லேட்டில் ஒரு சொட்டு தண்ணீர் விழுந்தாலும் சர்க்கரை அதைப் பிடித்துக்கொண்டு மொத்தமும் மண் மாதிரி இறுகிவிடும். கரண்டி ஈரம், பாத்திரத்து ஆவி, எதுவானாலும். நான் துணியால் துடைத்த பிறகும் பாத்திரத்தை வெயிலில் ஒரு மணி நேரம் வைப்பேன்.

எண்ணெய்ச்சட்டி தம்பி ஊகம் சரி. கடலை தேரடிப் பக்கம் வண்டியில் மணலில் வறுத்தது. வீட்டில் தோலை ஊதிவிட்டு இன்னொரு முறை இரண்டு நிமிடம் சட்டியில் புரட்டினேன், ஈரம் போக. கடல் பக்கத்து வீடு, மதியம் வறுத்தது சாயங்காலம் நமுத்துப் போகும். சாக்லேட்டை நாற்பது டிகிரிக்கு மேல் உருக்கி, 27க்கு ஆறவிட்டு, திரும்ப 28, 29க்குக் கொண்டு வந்து ஊற்றுகிறேன். அப்படிச் செய்தால்தான் உடைக்கும்போது 'டக்' என்று சத்தம் வரும், கையில் பிசுபிசுக்காது. எங்கள் வீட்டுச் சமையலறையில் ஏப்ரலில் 27 டிகிரி என்பது விடிகாலை நாலு மணிக்குக்கூட கிடையாது, அதனால் ஏசி ரூமில் தரையில் உட்கார்ந்து செய்வேன். மாமியார் இன்னும் சிரிக்கிறார்.

ஃப்ரிட்ஜில் வைப்பவர்களுக்கு ஒன்று. காற்றுப் போகாத டப்பாவில் வையுங்கள். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். டப்பா மேல் வியர்த்து, அந்த வியர்வை காயும் வரை காத்திருங்கள். உடனே திறந்தால் வியர்வை சாக்லேட் மேல் படிந்து, சர்க்கரை கரைந்து, காய்ந்த பிறகு சொரசொரவென்று வெள்ளைப் படலமாக நிற்கும். பூஞ்சை என்று பயந்து தூக்கிப் போடுகிறார்கள்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். அந்த 8.5 எனக்குச் சந்தோஷமாக இல்லை. நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போது யார் குறைத்துப் போடுவார்கள்? கல்மண்டபத்தார் ரோஜா இதழுக்கு 6 போட்டுவிட்டு மன்னிப்பு வேறு கேட்கிறார். செய்தவர் யார், விலை என்ன என்று தெரியாமல் சாப்பிட்டால்தான் மார்க். இன்னொரு முறை வைப்போம். நான் மார்க் போட மாட்டேன், வெட்டி வைப்பது மட்டும் என் வேலை.


புதுவண்ணை அம்மா | செவ்வாய் காலை 11.30

இரண்டு வருஷமாக இங்கே படிக்க மட்டும் செய்கிறேன், இன்றுதான் எழுதுகிறேன். என் மகனுக்கு வேர்க்கடலை அலர்ஜி. போன வருஷம் ஒரு பிறந்தநாள் வீட்டில் முந்திரி சாக்லேட் என்று நம்பிக் கொடுத்ததில் உதடு வீங்கி, மூச்சு இழுத்து, ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஓடினோம். முந்திரியை வெட்டிய அதே கத்தியில் முன்னால் வேர்க்கடலை ஸ்லாப்பை வெட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான் காரணம். நீங்கள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்தீர்களா?


கல்மண்டபத்தான் | செவ்வாய் மதியம் 1.15

ஒரே தட்டு, ஒரே கத்தி. குழந்தைகளும் இருந்தார்கள். கேட்கவே இல்லை யாரும். படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. அடுத்த முறை வேர்க்கடலை தனித் தட்டு, தனிக் கத்தி, அதுவும் எல்லாம் முடிந்த பிறகு.


லேபிள் படிப்பவன் | செவ்வாய் மதியம் 1.40

அம்மா, உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் மற்றவர்களுக்காக. வேர்க்கடலை தாவரவியல்படி நட்ஸே இல்லை, துவரை, உளுந்து குடும்பம். அதனால் முந்திரி ஒத்துக்கொள்ளும் பிள்ளைக்கு வேர்க்கடலை ஆகாமல் போகலாம், தலைகீழாகவும் நடக்கலாம். உறை போட்ட பொருளில் வேர்க்கடலை, மரக்கொட்டைகள், பால், சோயா இவையெல்லாம் இருந்தால் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது நம் நாட்டு விதி. பேக்கரியில் கண்ணாடி ஜாடியிலிருந்து எடுத்துத் தருவதில் படிக்க ஒன்றும் இருக்காது. கேட்டுத்தான் ஆக வேண்டும்.


பெரம்பூர் பென்ஷன் | செவ்வாய் இரவு 8.00

இரண்டாவது சுற்றை என் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஹாலில் ஏசி இருக்கிறது, மகன் போட்டுக் கொடுத்தது, நான் போடுவதே இல்லை. ஆயுதபூஜைக்கு வாங்கின பொரி ஒரு மூட்டை மிச்சம் இருக்கிறது. எனக்கு சுகர் இருக்கிறது, ஆனால் கால் இஞ்ச் துண்டு தின்னால் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். வீட்டம்மாவிடம் யாரும் மூச்சு விடக்கூடாது.


மண்ணடி மச்சான் | செவ்வாய் இரவு 8.25

பச்சை மக்கடாமியா பருப்பு புதுசாக ஒரு பாக்கெட் வந்திருக்கிறது, உறையில் காற்று இல்லாமல் அடைத்தது. அக்காவிடம் கொடுத்துவிடுகிறேன். அவர் கையால் வறுத்து ஊற்றட்டும். அப்புறம் பார்ப்போம் பிணமா உயிரா என்று.


கல்மண்டபத்தான் | அடுத்த ஞாயிறு இரவு 10.05

இரண்டாவது சுற்று முடிந்தது. பெரம்பூர் ஹால், ஏசி 25. பென்ஷன் ஐயா, எண்ணெய்ச்சட்டி, லேபிள், மண்ணடி, வியாசை, நான், என் வீட்டுக்காரம்மா, இந்த ஏழு பேரும் மார்க் போட்டோம். அக்கா உள்ளே சமையலறையில் எல்லாவற்றையும் கட்டைவிரல் நகம் அளவுக்கு வெட்டி, உருண்டைகளைக்கூட நாலாக்கி, எண் எழுதின பேப்பர் கப்பில் அனுப்பினார். கண்ணைக் கட்டிக்கொண்டு, பக்கத்தில் ஒருவர் ஸ்பூனில் ஊட்டிவிட்டு. வியாசையை எண்ணெய்ச்சட்டி ஊட்டிய காட்சியைப் படம் பிடித்திருக்கிறேன், இங்கே போடப் போவதில்லை. வேர்க்கடலை தனிக் கத்தியில், கடைசி கப்பாக வந்தது.

ரோஜா இதழை அக்காவே வாபஸ் வாங்கிவிட்டார். காறல் பார் போய்விட்டது, அதற்குப் பதில் அக்கா வறுத்த புது மக்கடாமியா. கூடவே யாருக்கும் சொல்லாமல் ஒன்றைச் சேர்த்திருந்தார்.

முதல் இடம் அந்தச் சொல்லாத கப்: 8.8. வாயில் வைத்ததும் லேபிள், "பால்கோவா!" என்றான். பென்ஷன் ஐயா, "இல்லை, அடிப்பிடிச்ச பால்கோவா" என்றார். என்னவென்று அக்கா கீழே எழுதட்டும்.

இரண்டாம் இடம் மக்கடாமியா: 8.1. என் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது. கண்ணைக் கட்டியிருந்தபோது இது என்ன பருப்பு என்றே எனக்குத் தெரியவில்லை. கடித்தால் மொறுமொறுப்பு, அடுத்த நொடி வெண்ணெய். சாக்லேட் எங்கே முடிகிறது, பருப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று பிரிக்க முடியவில்லை. நான் போட்டது 9. போன வாரம் ராஜா என்று எழுதின வேர்க்கடலைக்கு நான் போட்டது 7.

கிண்டர் பியூனோ ஒயிட் 7.4. சின்னப் பெண்கள் இல்லாமலும் கிட்டத்தட்ட அதே மார்க், அதனால் அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். வேர்க்கடலை உப்பு ஸ்லாப் 7.1. ரஃபேல்லோ 6.9, சவுகார்பேட்டை பர்ஃபி 6.8, டோப்ளரோன் ஒயிட் 6.6.

பேக்கரி முந்திரி கொத்து 5.3. இதில்தான் கதை இருக்கிறது. ஆறு பேர் போட்டதைக் கூட்டினால் 28. மிச்சம் ஒருவர் 9.


பெரம்பூர் பென்ஷன் | அதே இரவு 10.30

அந்த ஒருவர் நான்தான். சிரிக்காதீர்கள். 1980களில் சம்பளம் வாங்கின அன்று பெரம்பூரில் ஒரு பேக்கரியில் பிள்ளைகளுக்கு வெள்ளைப் பூச்சு பூசின முந்திரி பிஸ்கட் வாங்கிக்கொண்டு போவேன். மெழுகு மாதிரிதான் இருக்கும். கப் வாயருகே வந்தபோது அந்த வெனிலா எசன்ஸ் வாசனை. பிள்ளைகள் வாசலில் நிற்பது போல இருந்தது. 9 போட்டேன், மாற்ற மாட்டேன்.


லேபிள் படிப்பவன் | அதே இரவு 10.34

ஐயா, காம்பவுண்டுக்கு எதிராக நான் எழுதிய எதையும் வாபஸ் வாங்கவில்லை. உங்கள் 9க்கும் எதிர்ப்பில்லை.


டோல்கேட் அக்கா | அதே இரவு 11.00

சொல்லாத கப் இதுதான். ஒயிட் சாக்லேட்டைத் துண்டுகளாக்கி, ஓவனில் 120 டிகிரியில் தட்டில் பரப்பி, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கிளறி, ஒரு மணி நேரம். நடுவில் உப்புமா மாதிரி உதிர்ந்து பயமுறுத்தும். கிளறிக்கொண்டே இருந்தால் திரும்ப இளகி, பிஸ்கட் நிறத்துக்கு வரும். பாலும் சர்க்கரையும் சூட்டில் பழுக்கிற வாசனை. கொக்கோ வெண்ணெய் உள்ள சாக்லேட்டில்தான் வரும், காம்பவுண்டில் முயன்று ஒரு தட்டைக் கெடுத்திருக்கிறேன். அதில் நன்றாகச் சிவக்க வறுத்த துண்டு முந்திரியும் இரண்டு சிட்டிகை உப்பும். அவ்வளவுதான்.

என் கண்டுபிடிப்பு இல்லை. பிரான்ஸில் வால்ரோனா என்ற சாக்லேட் கம்பெனியின் ஃபிரெடரிக் பாவ் என்பவர் 2006இல் ஒயிட் சாக்லேட்டை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துவிட்டுப் பத்து மணி நேரம் மறந்துவிட்டாராம். திரும்பி வந்து பார்த்தால் பொன்னிறம். அதை ஒழுங்குபடுத்தி 2012இல் டல்சே என்ற பெயரில் விற்பனைக்கு விட்டார்கள். போன வாரம் எண்ணெய்ச்சட்டி தம்பி பால்கோவாவுக்குப் பிடிமானம் உண்டு, வெள்ளைக்கு இல்லை என்று எழுதினாரே, அதைப் படித்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும் என்று தோன்றியது.

வேர்க்கடலை 7.1க்கு இறங்கியதில் வருத்தமில்லை. இது கடைசி கப், எல்லோர் நாக்கும் இனித்துப் போயிருந்தது. கூடவே அன்று மணல் வண்டிக்காரர் வரவில்லை, ஓவனில்தான் வறுத்தேன்.


எண்ணெய்ச்சட்டி | அதே இரவு 11.12

தெரிந்தது அக்கா. நான் 6 போட்டேன். கடலையின் நடுவில் இன்னும் பச்சை இருந்தது.


வியாசை பந்தாட்டம் | அதே இரவு 11.20

அக்கா, அடிப்பிடித்த முந்திரி மிச்சம் எத்தனை துண்டு? பெரம்பூரில் கிளம்பும்போது டப்பாவில் பதினொன்று பார்த்தேன். மண்ணடி மச்சான் பையில் டப்பா மாதிரி ஏதோ இருந்தது.


மண்ணடி மச்சான் | அதே இரவு 11.22

அது என் சாப்பாட்டு டப்பா.


டோல்கேட் அக்கா | அதே இரவு 11.26

என் டப்பா மூடி நீலம்.


மண்ணடி மச்சான் | அதே இரவு 11.41

நாளைக் காலை டப்பாவைக் கொடுத்துவிடுகிறேன். டப்பாவை மட்டும்.


பெரம்பூர் பென்ஷன் | திங்கள் காலை 6.10

சுகர் பார்த்தேன். எண் வேண்டாம். வீட்டம்மா பொரி மூட்டையைப் பார்த்துவிட்டு யார் யார் வந்தார்கள் என்று விசாரிக்கிறார். கமர்கட் சுற்று தீபாவளிக்குப் பிறகு.


கல்மண்டபத்தான் | திங்கள் காலை 7.45

வரும் ஞாயிறு ஐப்பசி பிறந்திருக்கும். விடிகாலை நாலரைக்குக் காசிமேடு, கூடை நான் கொண்டு வருகிறேன். சாக்லேட் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது.